மறு: ‘பிரைமரி சோர்ஸ்’ – முதன்மைச் சான்றா, நேர்சான்றா?

> முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்று பாடநூல்களில் எப்போதோ நிலைத்துவிட்டது. பேகூர்க் கல்வெட்டு முதன்மை, வெந்த பயறு கதை இரண்டாம் நிலை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

தொம்மலூர் ஐயாவுக்கு வணக்கம். நம் வரலாற்றுக் கைப்புத்தகத்தின் சொற்பட்டியலில் ‘பிரைமரி சோர்ஸ்’ என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் பேச்சு. விவாதிக்க வேண்டியது நீங்கள் கொடுத்த எடுத்துக்காட்டிலேயே இருக்கிறது.

குழுவில் மும்பை, டெல்லிக்காரர்களும் இருப்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஹொய்சள மன்னன் இரண்டாம் வீர வல்லாளன் வேட்டைக்குப் போன இடத்தில் வழி தவறினானாம். ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்துப் பசியாற்றினாளாம். அதனால் ‘பெந்த காளூரு’ (வெந்த பயறு ஊர்), பிறகு பெங்களூரு. அவன் ஆண்டது 1173 முதல் 1220 வரை. பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள கன்னடக் கல்வெட்டோ கி.பி. 890 வாக்கில் வெட்டியது. பெங்களூருப் போரில் புட்டணசெட்டி என்பவர் மாண்டதை அது சொல்கிறது. வல்லாளன் பிறப்பதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்பே ஊர் இந்தப் பெயரோடு இருந்திருக்கிறது.

பெயர் எப்போது வந்தது என்பது கேள்வியானால் ஐயா சொல்வது சரி, கதை தோற்றுப்போகிறது. இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் பிறப்பை எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்று ஒருவர் ஆராய வந்தால்? அவருக்குக் கிழவி கதைதான் முதன்மை, கல்வெட்டால் பெரிய உதவி கிடையாது. கேள்வி மாறினால் சான்றின் இடமும் மாறுகிறது. ‘முதன்மை’ என்ற சொல் இதை மறைத்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஏதோ அரிசி ரகம் மாதிரி ஆக்கிவிடுகிறது.

நம் கைப்புத்தக வரைவைப் படித்துப் பார்த்த கல்லூரி மாணவி ஒருவர் பக்க ஓரத்தில் பென்சிலால் இப்படிக் குறித்திருந்தார்: “கல்வெட்டு முதன்மைச் சான்று, அதனால் உண்மை.” அந்த ‘அதனால்’தான் என்னை உறுத்துகிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் கொடுத்த சொல் அப்படி.

கல்லும் செம்பும் பொய் சொல்லாது என்ற நம்பிக்கைக்கு நம் கர்நாடகத்திலேயே நல்ல மருந்து இருக்கிறது. மைசூர் அரசின் கல்வெட்டுகளைத் தொகுத்த லூயிஸ் ரைஸுக்கும் இன்னொரு கல்வெட்டறிஞர் ஜே.எஃப். பிளீட்டுக்கும், பழைய கர்நாடகத்தை ஆண்ட கங்கரின் செப்பேடுகளை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. ரைஸ் உண்மை என்று கொண்ட செப்பேடுகள் பலவற்றைப் பிளீட் போலி என்றார். குடகில் கிடைத்த மெர்க்காராச் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆண்டு 388 என்று இருக்கிறது. கி.பி. 78இல் தொடங்கும் சக ஆண்டு என்று கொண்டால் கி.பி. 466. எழுத்தைப் பார்த்தாலோ சில நூற்றாண்டுகள் பிந்தியது. நிலத்துக்கு உரிமை கோருகிறவர்கள் பழைய அரசன் பெயரில் பட்டயம் செய்துவைப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம் இல்லை. இன்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அலைகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை!

அதற்காகப் போலிச் செப்பேட்டைத் தூக்கி எறியவும் கூடாது. 5ஆம் நூற்றாண்டுக்கு அது உதவாது. அதைச் செய்தவரின் காலத்துக்கு, அவருக்கு எந்த அரசனின் பெயர் தேவைப்பட்டது என்பதற்கு, அதைவிட நேரான சான்று வேறில்லை.

> முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நம் மரபிலேயே பாகுபாடு இருக்கிறதே. முதற்சான்று, வழிச்சான்று என்றால் என்ன?

அலசூர் அக்கா, பாதியை ஏற்கிறேன். ‘முதல்’ வேண்டாம். “வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதனூல்” என்கிறது தொல்காப்பிய மரபியல். முனைவன், அதாவது குற்றமற்ற அறிவுடைய முதல்வன், சொன்னால் அங்கே மறுகேள்வி கிடையாது. வரலாறு படிப்பவர் முதலில் சந்தேகப்பட வேண்டியதோ நிகழ்வுக்குப் பக்கத்தில் நின்று பேசும் ஆளைத்தான்.

‘வழி’ அருமையான சொல். வழிநூலாசிரியன் முன்னோர் நூலின் முடிபை ஒத்துக்கொண்டு, “பின்னோன் வேண்டும் விகற்பம்” கூறுவான் என்கிறது நன்னூல். சொன்னதைச் சொல்வான், தனக்கு வேண்டியபடி கொஞ்சம் மாற்றியும் சொல்வான். மௌரியர் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் விஷயத்தில் நடந்தது இதுதான். “பாண்டிய நாட்டை ஹெராக்ளிஸின் மகள் ஆண்டாள் என்று மெகஸ்தனிஸ் எழுதியிருக்கிறார்” என்று நம் கட்டுரைகளில் சர்வசாதாரணமாக வரும். அவர் எழுதிய ‘இண்டிகா’ இன்று எங்கேயும் இல்லை. நம் கையில் இருப்பது பிற்காலக் கிரேக்க எழுத்தாளர்களான ஸ்டிராபோ, டயடோரஸ், அரியன் முதலியோர் எடுத்தாண்ட துண்டுகள். அரியன் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்காரர், மெகஸ்தனிஸுக்கு நானூறு வருஷம் பிந்தியவர். ஸ்டிராபோவோ மெகஸ்தனிஸைப் புளுகர் பட்டியலில் வைத்துவிட்டு, அவரிடமிருந்தே எடுத்தும் எழுதுகிறார். ‘வழிச்சான்று’ என்று எழுதினால், ‘யார் வழி?’ என்ற கேள்வி படிப்பவர் வாயில் தானாக வரும். ‘இரண்டாம் நிலை’ என்றால் வராது.

அதற்கு இணையாக நான் முன்வைப்பது நேர்சான்று. அண்மைச் சான்று, சேய்மைச் சான்று என்றும் யோசித்தேன். அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று இலக்கணம் படித்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் இன்றைய தமிழில் ‘அண்மை’ என்றால் நேற்று நடந்தது. கீழடியில் புதிதாகக் கிடைத்ததெல்லாம் அண்மைச் சான்று ஆகிவிடும். ‘கரி’ என்று ஒரு நண்பர் சொன்னார். சாட்சிக்கு அது பழைய, அழகான சொல்தான். “இந்திரனே சாலுங் கரி” என்கிறது குறள், பொய்க்கரியாளர் சதுக்கப்பூதத்திடம் மாட்டிக்கொள்வது சிலம்பில் வருகிறது. ஆனாலும் கீழடிக் கரித்துண்டின் காலக்கணிப்பைப் பற்றிப் பேசும் அதே பக்கத்தில் ‘கரியாய்வு’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

இன்னொன்று. கல்வெட்டு நேர்சான்று என்கிறோம். நம்மில் எத்தனை பேர் கல்லைப் பார்த்து எழுதுகிறோம்? கல், மை தடவித் தாளில் அதிலிருந்து எடுத்த மைப்படி, மைப்படியைப் பார்த்து அச்சிட்ட வாசகம், அதற்கு ஒருவர் தந்த பொருள், அதை மேற்கோள் காட்டும் கட்டுரை என்று படிகள் இருக்கின்றன. கலிங்க மன்னன் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டு சொல்லும் தமிழ்க் கூட்டணி 113 ஆண்டு பழையதா, 1300 ஆண்டு பழையதா என்ற தகராறு, தேய்ந்துபோன கல்லில் ஒரே தொடரை இரண்டு விதமாகக் கொள்வதால் வந்தது. மேடையில் 1300 என்று முழங்குகிறவர் காரவேலனின் வாசகத்தைப் படித்துச் சொல்கிறாரா, அதை வாசித்த ஒரு அறிஞரின் முடிவைச் சொல்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. கைப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி வேண்டும்.

மல்லேஸ்வரத்திலிருந்து

---

மல்லேஸ்வரம் தம்பிக்கு,

வழிச்சான்று நன்றாக இருக்கிறது. நேர்சான்றுதான் இடிக்கிறது. மாணவர்கள் ‘நேரில் கண்ட சாட்சி’ என்று எடுத்துக்கொள்வார்கள். ரோமானிய எழுத்தாளர் பிளினியைப் பாருங்கள். இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் என்ற ரோமானியக் காசை உறிஞ்சிக்கொள்கிறது என்று எழுதினார். கி.பி. 79இல் இறந்தவர், அந்த வணிகம் கொழித்த காலத்தில் வாழ்ந்தவர், ஆகவே நேர்சான்று. இந்தப் பக்கம் அவர் கால் வைத்ததே இல்லை. அதோடு ரோமானியரின் ஆடம்பரத்தைத் திட்டுவது அவருக்கு வழக்கம், தொகையைக் கூட்டிச் சொல்ல அவருக்குக் காரணமும் இருக்கிறது. வேறொரு இடத்தில் இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்து 10 கோடி என்கிறார். நம்மவர்கள் இரண்டையும் கலந்துகட்டி, மொத்தமும் சேரர் துறைமுகமான முசிறிக்கே வந்த மாதிரி எழுதுகிறார்கள்.

‘நேர்’ என்றதும் ‘நேர்மை’யும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடன்காலச் சான்று என்றால் இந்தச் சிக்கல் இல்லையே?

அலசூரிலிருந்து

---

அக்கா,

நேர்மை சேர்ந்துவிடும் என்பது நியாயமான பயம். ஆனால் உடன்காலம் என்றால் காலத்தை மட்டும்தான் சொன்னதாகும். நம் பிரச்சினை அதைவிடப் பெரியது. இலங்கையின் பாலி வரலாற்று நூலான மகாவம்சம் 5ஆம், 6ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்தது. 2ஆம் நூற்றாண்டு இலங்கை மன்னன் கயவாகுவுக்கு அது வழிச்சான்று. அநுராதபுரத்துத் துறவிகள் தங்கள் அரசர்களை எப்படி நினைத்தார்கள் என்பதற்கோ நேர்சான்று. நூல் ஒன்றுதான், வேலை இரண்டு. சேரன் செங்குட்டுவன் காலத்தை இந்தக் கயவாகுவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மகாவம்சத்தில் கயவாகுவைப் பற்றிய பகுதியில் கண்ணகியும் இல்லை, சேரனும் இல்லை. சிலம்பின் வரந்தரு காதையில் மட்டும்தான் கயவாகுவும் செங்குட்டுவனும் சந்திக்கிறார்கள். இதை ‘உடன்கால’, ‘பிற்கால’ என்று எழுதினால் பாதிதான் வெளியே வரும்.

பிளினிக்கு உங்கள் தடையை ஏற்று, விளக்கத்தில் ஒரு வரி சேர்க்கிறேன். அவருக்குப் பக்கத்திலேயே வியன்னாவில் உள்ள முசிறிப் பாப்பிரஸையும் (நாணல்தாளில் எழுதியது) வைக்கலாம். அது 2ஆம் நூற்றாண்டு வணிக ஆவணம், 1985இல்தான் வெளியானது. தந்தம், துணி, எடை, விலை, நாலில் ஒரு பங்கு வரி என்று போகிறது. யாருக்கும் அறிவுரை சொல்ல அது எழுதப்படவில்லை, அதனால் தொகையில் எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. மறுபக்கம், ரோமானியப் பெரிய மனிதர்கள் கீழ்த்திசைச் சரக்கைப் பார்த்து எப்படிக் கொதித்தார்கள் என்று பாப்பிரஸ் சொல்லாது, பிளினிதான் சொல்வார். “தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்” என்று அமைச்சரைப் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. ஆளை மொத்தமாக நம்ப வேண்டியதில்லை, எதற்கு நம்பலாம் என்று பார்த்தால் போதும்.

இந்தப் பார்க்கும் வேலைக்குச் ‘சான்றுத் தேர்வு’ என்று தொம்மலூர் ஐயா தனிமடலில் எழுதியிருந்தார். வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் சான்றிதழ் சரிபார்ப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். ‘சான்றாய்வு’ போதும் என்று தோன்றுகிறது.

ஆக, சொற்பட்டியலுக்கு இப்போதைக்கு:

நேர்சான்று: கேட்கும் கேள்விக்கு உரிய காலத்திலோ சூழலிலோ உண்டானது. கண்ணால் கண்டதாகவோ உண்மையாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை.

வழிச்சான்று: இன்னொன்றின் வழியாக வந்தது. யார் வழி என்று எழுதாமல் பயன்படுத்தக் கூடாது.

சான்றாய்வு: ஒரு சான்று எங்கே, யாரால், எதற்காக உண்டானது, நம் கைக்கு எப்படி வந்தது, எதற்கு அதை நம்பலாம் என்று பார்ப்பது.

ஒரு பொருள் எங்கே கிடைத்து, யார் கைமாறி வந்தது என்ற விவரத்தை ஆங்கிலத்தில் ‘புராவனன்ஸ்’ என்கிறார்கள், அதற்கு வந்தவழி என்று போட்டிருக்கிறேன். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்து, வியாபாரிகள் கைமாறி வந்த நாணயங்களைப் பற்றிய பக்கத்தில் அது தேவைப்படுகிறது. எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பது ஆற்று மணலோடு போய்விட்டதால், காசில் உள்ள ‘மாக்கோதை’ என்ற சேரர் பெயரின் எழுத்தை மட்டும் வைத்துக் காலம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘வந்தவழி’ பேச்சுமொழி மாதிரி இருக்கிறது என்று யாருக்காவது தோன்றினால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை அனுப்புகிறோம்.

மல்லேஸ்வரத்திலிருந்து