கோயில் மிக்ஸரை ஏஐ ஏஜென்ட்டோடு இணைக்கலாமா?

கேள்வி (ஹட்டன்):
எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு பெரிங்கர் எக்ஸ்32 டிஜிட்டல் ஒலி மிக்ஸர்தான். தப்பும் உறுமியும் ஏறினா பூசாரி மைக் அமுங்கிப்போகுது. "பூசாரி மைக்கை 3 டெசிபெல் ஏத்து"ன்னு தமிழில் சொன்னா ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்யும் மென்பொருள்) செய்யணும். வழி இருக்கா?

பதில் (பண்டாரவளை):
இருக்கு தம்பி. எக்ஸ்32, ஓஎஸ்சி (ஒலிக் கருவிகளை நெட்வொர்க் வழியா இயக்கும் கட்டளை முறை) கட்டளைகளை யூடிபி (பதில் எதிர்பார்க்காம தரவை அனுப்பும் நெட்வொர்க் முறை) 10023ஆம் போர்ட்டில் ஏத்துக்கும். பைத்தானில் சின்ன எம்சிபி சர்வர் (ஏஜென்ட்டையும் மிக்ஸரையும் இணைக்கும் இடைநிலை நிரல்) எழுதி, ஃபேடரை (ஒலி அளவை ஏத்தி இறக்கும் தள்ளுகுமிழ்) மட்டும் ஏஜென்ட்டுக்குக் குடுங்க. மதிப்பு 0 முதல் 1 வரை, 0.75தான் 0 டெசிபெல். அதைத் தாண்டாம சர்வர்லேயே தடுங்க. ஏஜென்ட்டுக்கு வாய்ச்சொல்லா சொல்லிவைக்கிறது போதாது, ஒலி எகிறினா ஹோர்ன் ஸ்பீக்கரோட யூனிட் எரிஞ்சிடலாம். யூடிபியில் போய்ச் சேர்ந்ததான்னு தெரியாது. அனுப்பினதும் மதிப்பைத் திரும்பக் கேளுங்க.

பதில் (தலவாக்கலை):
ஓஎஸ்சி பாஸ்வேர்ட் கேட்காது, அதே நெட்வொர்க்கில் இருக்கிற யாரும் மிக்ஸரை மாத்தலாம். அதனால ரெண்டையும் பிரிச்சு வைங்க: மிக்ஸருக்கு லேன் கேபிள், இணையத்துக்கு போன் ஹொட்ஸ்பொட்.

ஹட்டன்:
நன்றிண்ணே. காப்புக்கட்டுக்கு முன்னாடியே ஆம்ப்ளிஃபயரை அணைச்சு வச்சுச் சோதிக்கிறேன்.