சைக்கியாட்ரி போஸ்டிங்: ரோட்டுல இருந்து வந்தவங்ககிட்ட எப்படிப் பேச ஆரம்பிக்கிறது?

மூணாம் வருஷ மாணவி:
பி.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். அடுத்த வாரம் அரசு மருத்துவமனை மீட்பு மையத்துல போஸ்டிங். மனநலம் பாதிச்சு ரோட்டுல சுத்திட்டு இருந்தவங்களைச் சேர்க்கிற வார்டு. மனநிலையைப் பரிசோதிக்க கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தது தேதி கேளு, 100-ல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொல்லு. ஆனா பாதிப் பேர் வாயே திறக்க மாட்டாங்கன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. கேஸ் ஷீட்டை எப்படி எழுதுறது?

ஸ்டாஃப் நர்ஸ்:
தங்கச்சி, முதல்ல உடம்பைப் பாரு. சடை பிடிச்ச முடிக்குள்ள புண் இருக்கும், சில சமயம் புழுவும் இருக்கும். சொறி, ரத்தசோகை, டிபி எல்லாம் பாக்கணும். பட்டினி கிடந்தவங்களுக்குப் பாவம்னு தட்டு நிறைய சோறு போட்டுடாதே. ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாயிடும். டாக்டர் எழுதுற தயாமினை (வைட்டமின் பி1) கொடுத்துட்டு, கஞ்சி கொஞ்சம் கொஞ்சமா.

அப்புறம் அவங்க கையோட கொண்டு வர்ற மூட்டை. அழுக்குன்னு யாராவது தூக்கிப் போட வருவாங்க, விடாதே. எங்க வார்டுல ஒரு அம்மா உரச்சாக்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே படுப்பாங்க, யார்கிட்டயும் பேச மாட்டாங்க. சாக்கைத் தொடாம கட்டில்லயே விட்டோம். ஒரு நாள் சாக்கோட வாய் கிழிஞ்சிடுச்சு. என்னைப் பாத்து, "சணல் இருக்கா? நூல் தாங்காது"ன்னாங்க. எடுத்துக் கொடுத்தேன், முடிச்சு பிசகாமக் கட்டினாங்க. பேச்சு கோர்வையா இருக்கு, தேவையைக் கேக்கத் தெரியுது, கை வேலை சரியா வருது. அதைத்தான் அன்னிக்கு நோட்ஸ்ல எழுதினேன். நீ கேள்வி கேக்கணும்னே இல்ல, பக்கத்துல உக்காந்து கவனி.

முடி வெட்டணும்னா கண்ணாடியைக் காட்டிக் கேளு. வேண்டாம்னா அன்னிக்கு விட்டுடு. புண் இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லு.

சமூகப் பணியாளர்:
சட்டமும் தெரிஞ்சுக்கோம்மா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 100-வது பிரிவுப்படி, போலீஸ் இவங்களை 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டு வரணும். லாக்கப்புல வைக்கக் கூடாது. காணாமப் போனவர்னு எஃப்.ஐ.ஆர். போட்டு குடும்பத்தைத் தேடுறதும் அவங்க பொறுப்பு. சங்கிலியால கட்டுறதுக்கும் தடை. 2001-ல ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்துல செத்துப் போன 28 பேரும் கட்டிப் போடப்பட்டிருந்தவங்க. அதை இந்த வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சிருக்கணும்.

மூணாம் வருஷ மாணவி:
நன்றி அக்கா, நன்றி சார். இந்தி, ஒடியா மட்டும் பேசுறவங்க வந்தா?

சமூகப் பணியாளர்:
மொழி தெரிஞ்சவங்களை போன்ல பிடி. வீட்டு விலாசம் கேக்காதே, வராது. ஊர்ல என்ன கோயில், சந்தை என்னைக்கு, எந்த ஸ்டேஷன்ல ரயில் ஏறுவீங்கன்னு கேக்கச் சொல்லு. ஸ்டேஷன் பேர் ஒண்ணு கிடைச்சாப் போதும், அங்க இருக்கிற போலீஸ்கிட்ட நாங்க பேசிடுவோம்.