பூட்டுப் படத்தை நம்பி வரி கட்டலாமா?

*நங்கநல்லூர் ஃபிளாட் குழு*

*கல்யாணராமன் ஏ1:* சொத்து வரி லிங்க் வந்திருக்கிறது, மேலே போட்டிருக்கிறேன். அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படமும் இருக்கிறது, தைரியமாகக் கட்டலாம்.

*வித்யா பி2:* அங்கிள், யாரும் அதைத் திறக்க வேண்டாம்!

*கல்யாணராமன் ஏ1:* ஏன்மா? ஊக்கத்தொகை நிஜம்தானே?

*வித்யா பி2:* அது நிஜம்தான், அதை வைத்துத்தான் நம்ப வைக்கிறார்கள். முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். மாநகராட்சித் தளம் 'டாட் கவ் டாட் இன்' என்று முடியும். அது அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். இது 'டாட் டாப்' என்று முடிகிறது. யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

*விஜயா மாமி சி2:* பூட்டைப் பார்த்துத் திற என்றுதானே இத்தனை நாள் சொன்னார்கள்?

*வித்யா பி2:* மாமி, நீங்கள் டைப் செய்வதை நடுவழியில் யாரும் படிக்க முடியாது, பூட்டுக்கு அவ்வளவுதான் அர்த்தம். கவரை நன்றாக ஒட்டித் திருடன் விலாசத்துக்கே அனுப்பினால்? பூட்டு வருவதற்குத் தளம் வாங்க வேண்டிய சான்றிதழ் 2015லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கிக்கொள்வான். பூட்டைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோமில் 2023லேயே அந்தப் படத்தை மாற்றிவிட்டார்கள். அங்கிள் வைத்திருப்பது வேறு பிரவுசர், அதில் இன்னும் வருகிறது.

*பிரகாஷ் சி1:* நான் பிரவுசரின் ரகசிய ஜன்னலில், இன்காக்னிட்டோவில்தான் திறந்தேன். கார்டு நம்பர் போட்டேன். அதில் எதுவும் பதிவாகாது இல்லையா?

*வித்யா பி2:* ஐயோ அண்ணா! மூடியதும் உங்கள் கம்ப்யூட்டரில் ஹிஸ்டரி, தளங்கள் விட்டுச்செல்லும் குக்கி இருக்காது, அவ்வளவுதான். நீங்கள் போட்ட நம்பர் அந்தத் தளத்துக்குப் போய்விட்டது. ஓடிபி கொடுத்தீர்களா?

*பிரகாஷ் சி1:* இல்லை. கேட்டது, அதற்குள் உன் மெசேஜைப் பார்த்தேன்.

*வித்யா பி2:* முதலில் பேங்க் ஆப்பில் கார்டை பிளாக் பண்ணுங்கள். சில வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலே பணம் எடுத்துவிடலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

*பிரகாஷ் சி1:* பிளாக் பண்ணிவிட்டேன். பணம் போகவில்லை.

*கல்யாணராமன் ஏ1:* லிங்க்கை எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிட்டேன். இனி வரியை எப்படிக் கட்டுவது?

*வித்யா பி2:* மாநகராட்சித் தளத்தின் முகவரியை நாமே டைப் செய்தால் போதும் அங்கிள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாகப் போலித் தளமும் வரலாம். சாயங்காலம் வருகிறேன், சேர்ந்தே கட்டிவிடலாம்.

*விஜயா மாமி சி2:* அப்படியே இங்கேயும் வாம்மா. பழைய ரசீதை எடுத்து வைக்கிறேன், அதில் பில் எண் இருக்கும்.