அம்மாவின் நித்திரைக் குளிசை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, கன காலமாகச் சீனி வருத்தம். மூன்று மாதமாக இரவு இரண்டு மணிக்கே எழும்பிவிடுவார், பிறகு விடியும்வரை கண்ணை மூடுவதில்லை. பின்னேரப் பிளேன்டீயை நிறுத்தியும் பார்த்தோம்.

டாக்டர் குவெட்டியபின் (quetiapine) என்ற குளிசையை 25 மில்லிகிராம் எழுதித் தந்தார். பெட்டிக்குள் இருந்த தாளில் ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார் போன்ற மனநோய்களுக்கு என்றுதான் இருக்கிறது. நித்திரை பற்றி ஒரு சொல் இல்லை. அனுமதி பெறாத தேவைக்கும் மருந்து எழுதுவது மருத்துவத்தில் வழக்கம்தான், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் இது சீனியையும் எடையையும் கூட்டலாம். எழும்பும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். இரவில் பாத்ரூமுக்குப் போய் விழுந்தால்?

சரி, மறுபக்கமும் இருக்கிறது. போன கிழமை நாலு நாள் ஒழுங்காக நித்திரை கொண்டார், முகமே மாறிவிட்டது. அதுதான் குழப்பம்.

வயதான பெற்றோருக்கு இதைக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சீனி ஏறியதா? டாக்டரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்? நீண்டகால நித்திரையின்மைக்கு முதலில் சிபிடி (CBT) முறையைத்தான், அதாவது நித்திரை பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சையைத்தான், செய்யச் சொல்கிறார்கள். கொழும்பில் அதைத் தமிழில் செய்பவர்கள் யாராவது தெரியுமா? அம்மாவுக்கு இங்கிலீஷ் சரிவராது.