தொலைநோக்கியில் கேமராவை வைத்தால் கறுப்பு வளையம்

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் செம்பனைத் தோட்டத்து வடிகால் ஓரக் கம்பத்தில், காலை எட்டு மணிக்கெல்லாம் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி வந்து அமர்கிறது. தொலைநோக்கியில் பார்த்தால் அலகின் சிவப்பு அப்படியே கண்ணை நிறைக்கிறது. சிறிய கேமராவைத் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியில் வைத்துப் படமெடுத்தால், கறுப்பு வளையத்துக்கு நடுவே ஒரு மங்கல் புள்ளிதான். மூன்று வாரமாக முயல்கிறேன். வழி சொல்லுங்கள்.

பதில் 1
தம்பி, தொலைநோக்கியை 20 மடங்கிலேயே வையுங்கள். கேமராவின் ஆப்டிகல் ஜூமை வளையம் மறையும்வரை மட்டும் நகர்த்துங்கள். அப்போது கேமரா லென்சின் குவியத் தூரம் 100 மி.மீ. என்றால், 20 மடங்கால் பெருகி, மொத்தம் 2000 மி.மீ. லென்சுக்குச் சமம்! அதனால்தான் விரல் பட்டாலே படம் கலங்குகிறது. உறுதியான முக்காலியும் 2 வினாடி டைமரும் கட்டாயம். 1999இல் இந்த முறையைப் பரப்பியவர் நம் மலேசியரான லாரன்ஸ் போ. எனக்கு அதில் பெருமை உண்டு.

பதில் 2
கையால் பிடிக்காதீர்கள் ஐயா. இரண்டு லென்சுகளின் மையமும் ஒரே கோட்டில் நிற்க ஒரு பிடிப்பான் வேண்டும். நான் பிவிசி குழாயை அறுத்து, உள்ளே ரப்பர் ஒட்டிச் செய்துகொண்டேன். வெயில் ஏறினால் கானல் அலையும், ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள்.

கேட்டவர்
இன்று குழாய்ப் பிடிப்பானோடு போனேன். முப்பது படங்களில் இரண்டு தெளிவு. ஒன்றில் அலகில் தவளை இருக்கிறது, அண்ணன்களே!