ரீகமிஷன் செய்த 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

குரோம்பம்பர்:
இங்கிலாந்தில் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 2006 முதல் ஓடாமல் நின்ற வண்டி, இப்போது 'ரீகமிஷன்' செய்ததாக விளம்பரம். பில்லில் இருப்பவை: எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர் இரண்டுக்கும் ரிப்பேர் கிட், ஃபியூவல் பம்ப், பிரேக் வீல் சிலிண்டர், பேட்டரி, ஆயில். புது எம்ஓடி (அங்குள்ள வருடாந்திர வாகனச் சோதனைச் சான்று) இருக்கிறது, பெயிண்ட்டும் நன்றாக இருக்கிறது. நேரில் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

காசில்ரெயில்:
முதலில் சில் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி). ரீகமிஷன் என்றால் நின்ற வண்டியை ஓட வைத்தது, அவ்வளவுதான். துரு எடுத்து வெல்டிங் செய்ததாக அர்த்தமில்லை. எம்ஜிபிக்குத் தனி சேஸி கிடையாது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் பாரம் முழுக்க சில் மேல்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று மூன்று அடுக்கு. பழைய துருவின் மேல் புது வெளித்தகட்டை ஒட்டிப் பெயிண்ட் அடித்துவிட்டால் பளபளவென்றுதான் இருக்கும்.

சில்லுக்குக் கீழே உள்ள ஜாக்கி பாயிண்டில் வண்டியைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தாலோ இடைவெளி மாறினாலோ அந்த வண்டி வேண்டாம். பிறகு கார்ப்பெட்டைத் தூக்கித் தரையின் ஓரம், சீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டரிப் பெட்டிகள், முன் விங்கின் (மட்கார்டு) கீழ்ப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். சின்னக் காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். அது ஒட்டாத இடத்தில் துருவை மறைத்த புட்டிப் பசை இருக்கிறது.

எம்ஓடியை இதற்குச் சாட்சியாக எடுக்காதீர்கள். சோதிப்பவர் கார்ப்பெட்டைக் கழற்றிப் பார்க்க மாட்டார், கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பார்ப்பார்.

கிரீஸ்நிப்பிள்:
பில்லில் இல்லாததைத்தான் நான் கேட்பேன். வீல் சிலிண்டர் பின் டிரம்மில் மட்டும்தான், முன்னால் டிஸ்க். கேலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்), மாஸ்டர் சிலிண்டர் (பெடல் தள்ளும் சிலிண்டர்), ஃபிளெக்ஸிபிள் ஹோஸ் (வீலுக்குப் போகும் பிரேக் ரப்பர் குழாய்) மாற்றினார்களா? பழைய ஹோஸ் உள்ளே வீங்கினால் மிதிக்கும்போது ஃபுளூயிட் போகும், காலை எடுத்தால் திரும்பாது. பத்து மைல் ஓட்டி நிறுத்தி, நான்கு வீலுக்கும் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

பெட்ரோல் டேங்க் பூட் தரைக்கு அடியில் ஒட்டினாற்போல் இருப்பதால் ஈரம் தங்கி மேல்பக்கம்தான் அரிக்கும். அரை டேங்கில் ஒழுகாது, நிரப்பினால் வாடை வரும். சாவியைத் திருப்பியதும் பம்ப் டிக் டிக் என்று அடித்துக் கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எங்கோ ஒழுகுகிறது, இல்லையென்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் நீடில் மூடவில்லை. ரப்பர் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கும் ஆர்9 வகையா என்றும் கேளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அங்கே சாதாரண பெட்ரோலே இ10 (10 சதவீதம் வரை எத்தனால்).

முன் வீலைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் வீல் திரும்பும் அச்சுத் தண்டு). கிங்பின்னில் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உண்டு. 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காத வண்டியில் இது நிச்சயம் தேயும். டயரின் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பூ அழியாமல் இருந்தாலும் 2006 டயர் வேண்டாம்.

லேகாக்:
இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பிஎஸ்ஐக்கு மேல், ஐடிலில் 15க்குக் குறையாமல் இருந்தால் போதும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வரும் அழுத்தம்) சோதனையில் சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் நான்காவது கியரில் 3,000 ஆர்பிஎம்மில் போடுங்கள். உடனே 2,450 பக்கம் இறங்க வேண்டும், மூன்றாவதிலும் வேலை செய்ய வேண்டும்.

பதிவு எண்ணைப் போட்டால் 2005 முதலான எம்ஓடி வரலாறு இணையத்திலேயே கிடைக்கும். வண்டி நிற்பதற்கு முன் கடைசியாக என்ன துரு குறித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்துக்கு வெல்டிங் பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

குரோம்பம்பர்:
விற்பவரிடம் கேட்டேன். சில் "முன்பே மாற்றியது" என்கிறார், படமோ பில்லோ இல்லை.

காசில்ரெயில்:
அப்படியானால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். இரண்டு பக்கமும் மூன்று அடுக்கும் மாற்றுவதற்கு அங்குள்ள வெல்டரிடம் எழுத்தில் விலை வாங்கி, அதைக் கழித்துச் சொல்லுங்கள். ஜாக்கியில் தூக்க அவர் சம்மதிக்காவிட்டால் பேச்சே வேண்டாம்.