நண்பர்கள் குறைந்தவர்களின் சங்கம்: 'ஹாகனாய்' படித்தவர்கள் வரலாம்

கடைசி பெஞ்ச்:

இந்த நாவல் என் கைக்கு வந்ததே ஒரு நாயால்தான். 2013-இல் கல்லூரி விடுதி. என் அறையில் இருந்தவன் இரவு ஒரு மணிக்கு மடிக்கணினியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னடா அது என்றேன். "ஹாகனாய்" என்றான். எனக்குக் கடைசியில் வந்த நாய் மட்டும்தான் காதில் விழுந்தது. சரி, ஏதோ நாய்ப் படமாக்கும் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூன்று எபிசோடு முடிந்தும் நாய் வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் மனம் வரவில்லை.

அது அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். மூல நாவலைப் பிறகு ரசிகர்கள் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் கைப்பேசியிலேயே படித்தேன். முழுப்பெயர் 'போகு வா டொமொடாச்சி கா சுகுனாய்', அதாவது 'எனக்கு நண்பர்கள் குறைவு'. எழுதியவர் ஹிராசாகா யோமி, ஓவியம் புரிகி. முதல் தொகுதி 2009 ஆகஸ்டில் வந்தது. 2015 ஆகஸ்டில் 11-ஆம் தொகுதியோடு கதை முடிந்தது.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். கொடாகா புதிதாகப் பள்ளி மாறி வந்தவன். அம்மா ஆங்கிலேயர், இப்போது உயிருடன் இல்லை. அவரிடமிருந்து வந்த மங்கலான பொன்னிற முடி, வீட்டிலேயே அரைகுறையாகச் சாயம் பூசிய ரவுடியின் முடி போல இருக்கிறது. பார்வையும் கடுகடு. வந்து ஒரு மாதமாகியும் ஒருவர்கூடப் பக்கத்தில் வரவில்லை. ஒருநாள் பள்ளி விட்டபின் வகுப்பறைக்குத் திரும்பி வருகிறான். உள்ளே யோசொரா என்ற பெண் யாருடனோ கலகலவென்று பேசிக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறந்தால் அவளைத் தவிர ஆள் இல்லை. "காற்றுத் தோழியோடு பேசிக்கொண்டிருந்தேன்" என்கிறாள். இல்லாத கிதாரை வாசிக்கலாம் என்றால் இல்லாத தோழியோடு ஏன் பேசக்கூடாது என்று வாதம் வேறு.

மறுநாளே அவள் ஒரு சங்கம் தொடங்கிவிடுகிறாள். பெயர் 'ரின்ஜின்பு', அண்டை வீட்டார் சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அது கிறிஸ்தவப் பள்ளி. அண்டை வீட்டாரை நேசிப்பது என்று எழுதிக்கொடுத்தால் நிர்வாகம் மறுக்க முடியாது. உண்மையான நோக்கம் நண்பர்களைத் தேடுவது. அதை வெளியே சொல்ல வெட்கம். அதனால் சுவரொட்டியில் பொதுவாக ஏதோ எழுதி, எழுத்துகளைக் குறுக்காகப் படித்தால் மட்டும் 'நண்பர்கள் தேவை' என்று வரும்படி மறைத்து வைக்கிறாள். நம் சித்திரகவிக்காரர்கள் பார்த்திருந்தால் ஒரு சபாஷ் போட்டிருப்பார்கள்.

அதைச் சரியாகப் படித்துவிட்டு ஒருத்தி வந்து கதவைத் தட்டுகிறாள். சேனா. பள்ளியை நடத்துபவரின் மகள், அழகி, படிப்பிலும் முதல். பையன்கள் பின்னாலேயே அலைகிறார்கள், ஆனால் தோழி என்று ஒருத்தி கிடையாது. யோசொரா அவளைப் பார்த்ததும் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள். சேனா சுற்றிப் போய் ஜன்னலைத் தட்டுகிறாள். நண்பர்களைச் சேர்க்கத் தொடங்கிய சங்கத்தின் முதல் வேலை, நண்பர் தேடி வந்தவளை விரட்டுவது! இந்த இடத்தில்தான் நான் முழுசாக விழுந்தேன்.

எனக்குப் பிடித்த காட்சி கரோக்கே. எல்லோரும் சேர்ந்து பாடப் போகிறார்கள். அங்கே கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று இருக்கிறது. ஒரே அறையில் பாடினாலும் தனித்தனி அறையில் பாடினாலும் செலவு ஒன்றுதான் என்றால் எதற்குச் சேர்ந்து பாட வேண்டும்? யோசொராவும் சேனாவும் ஆளுக்கோர் அறையை எடுத்துக்கொண்டு தனியாகப் பாடப் போய்விடுகிறார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதுதான் சோகம். வேட்டை விளையாட்டிலும் இதே கதை. சேர்ந்து பூதத்தை வேட்டையாடக் கற்றுக்கொண்டால் நாலு பேரோடு பழகலாம் என்று விளையாடத் தொடங்கி, பூதத்தை விட்டுவிட்டு ஒருவரையொருவர் கொன்றுகொள்கிறார்கள்.

எங்கள் விடுதி அறையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நான்கு பேர். துறையில் எல்லோரும் சுற்றுலாவுக்குக் குழு பிரித்தபோது எந்தக் குழுவிலும் பெயர் வராத நான்கு பேர். நாங்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டேதான் இருந்தோம். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். கதையை உடைப்பவர்கள் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.


கஞ்சி எழுத்து:

தொடங்கி வைத்த அண்ணனுக்கு நன்றி. நான் ஜப்பானில் வேலை பார்க்கிறேன். மொழி கற்றுக்கொள்வதற்காகவே இந்த நாவலை எடுத்தேன். பழைய புத்தகக் கடையில் 110 யென் அலமாரியில் முதல் ஆறு தொகுதிகள் வரிசையாக நின்றன. நம் ஊர் பேருந்து நிலையத்து மாத நாவலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு, கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஒரே சிக்கல் அட்டைப்படம். ரயிலில் அந்த அட்டையோடு உட்கார எனக்குத் தைரியம் இல்லை. இங்கே புதுப் புத்தகம் வாங்கினால் கடையிலேயே காகித உறை போட்டுத் தருவார்கள். நான் வாங்கியது பழையது, அதனால் நானே மளிகைக்கடைப் பையைக் கிழித்து உறை போட்டேன்.

முதலில் அந்த நாய் விவகாரம். ஜப்பானியத் தலைப்பில் இருக்கும் கஞ்சி எழுத்துகளை (சீனத்திலிருந்து வந்த, பொருளைக் குறிக்கும் எழுத்துகள்) எல்லாம் எடுத்துவிட்டு, நடுவில் மிஞ்சும் ஹிரகானா எழுத்துகளை (ஒலியை மட்டும் குறிப்பவை) மட்டும் படித்தால் 'ஹா', 'கா', 'நாய்' என்று வரும். அதுதான் செல்லப்பெயர். வாய்விட்டுச் சொன்னால் ஜப்பானிய மொழியில் 'பல் இல்லை' என்று பொருள் தரும். 'நண்பர்' என்ற சொல் கஞ்சியில் இருப்பதால் சுருக்கப்பெயரில் நண்பரே காணாமல் போய்விடுகிறார். சுருக்கினால் இல்லை என்பது மட்டும்தான் மிச்சம். எனக்கு இந்தத் தற்செயல் ரொம்பப் பிடிக்கும். தற்செயல்தானா என்ற சந்தேகமும் உண்டு.

பெயர்களிலும் ஆசிரியர் விளையாடுவார். சங்கத்தில் பிறகு சேரும் ரிகா என்ற விஞ்ஞானிப் பெண்ணின் பெயருக்கு நேர்ப் பொருள் பள்ளிப் பாடமான 'அறிவியல்'. நம் ஊரில் ஒரு குழந்தைக்குக் கணக்கு என்று பெயர் வைத்தது மாதிரி. அண்ணன் கொடாகா 'சின்னப் பருந்து', தங்கை கொபாத்தோ 'சின்னப் புறா'. சேனாவின் அப்பா பெயரில் இருப்பவை வானம், குதிரை என்ற இரண்டு எழுத்துகள்; ஆனால் அதைப் 'பெகாசஸ்' என்று படிக்க வேண்டுமாம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அந்த மனிதர் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார்.

(இனி நான்காம் தொகுதியின் முடிவைச் சொல்கிறேன். படிக்காதவர்கள் தாண்டிப் போங்கள்.)

கொடாகாவுக்குப் பத்து வருடத்துக்கு முன் ஒரே ஒரு நண்பன் இருந்தான். பெயர் சொரா. ஊர் மாறிப் போனபோது பிரிந்தது. கோடை விடுமுறையில் எல்லோரும் பட்டாசு கொளுத்தும்போது யோசொராவின் நீண்ட முடியில் தீப்பிடித்து, அதை அவள் வெட்ட வேண்டியதாகிறது. குட்டை முடியோடு வந்து நின்றவளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிகிறது, அந்தப் பையன் பையனே இல்லை என்று. யோசொரா என்றால் இரவு வானம். அதில் வானத்துக்கான எழுத்தைத் தனியே படித்தால் 'சொரா'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து வருவதால் படிப்பவர் கண்ணில் எளிதில் படாது. தமிழில் எழுதிப் பாருங்கள்: யோசொரா, சொரா. முதல் பக்கத்திலிருந்தே அவள் பெயருக்குள் அவன் உட்கார்ந்திருக்கிறான்!

இன்னொரு சொல்லையும் இதில்தான் கற்றேன். 'சன்னென்'. வருத்தத்துக்குரிய, ஏமாற்றமான என்று அகராதி சொல்லும். இந்த நாவலின் வகையையே 'சன்னென் வகை இளமைக் காதல் நகைச்சுவை' என்றுதான் சொல்வார்கள். "பெண் லட்சணமாத்தான் இருக்கா, ஆனா..." என்று நம் அத்தைமார்கள் இழுப்பார்கள் இல்லையா, அந்த இழுவைதான் சன்னென். அலுவலகத்தில் அச்சுப்பொறி பழுதானபோது இந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்தினேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். அங்கே நான் சேர்ந்த இரண்டு வருடத்தில் அதுதான் முதல் முறை.


மழைக்காகிதம்:

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பதினொரு தொகுதி. அவ்வளவுதான்.


ஒற்றைச் செருப்பு:

மழைக்காகிதம் சொன்னது சரி, ஆனால் அவர்களுக்கு வெண்ணெய் கையில் இருப்பது தெரியாது என்று நினைத்தால் அது தப்பு. நான் சொல்ல வந்ததே அதுதான்.

முதலில் என் புகாரைச் சொல்லிவிடுகிறேன். நான் இதைப் பாதியில் தூக்கிப் போட்டவள். சிறுமிகளை வைத்து வரும் சில நகைச்சுவைகள் எனக்கு ஆகவே ஆகாது, இன்றைக்கும் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுத்தான் படிப்பேன். அதைவிட எரிச்சல் கொடாகா. யாராவது ஒரு பெண் மனதில் உள்ளதை மெதுவாகச் சொன்னால் உடனே "ஏ? நந்தாத்தே?" என்பான். "என்ன சொன்னாய்?" ஒருமுறை இரண்டுமுறை அல்ல, தொகுதிக்குத் தொகுதி. இந்த வகைக் கதைகளில் நாயகனுக்குக் காது மந்தமாக இருப்பது எழுதாத விதி என்று சொல்லி மூடி வைத்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறு எதுவும் கிடைக்காமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். (நானும் உடைக்கிறேன், எட்டாம் தொகுதி.) சேனா எல்லோர் முன்னாலும் அவனைப் பிடிக்கும் என்று சத்தமாகவே சொல்லிவிடுகிறாள். இப்போது காது கேட்கவில்லை என்று தப்பிக்க முடியாது. அதனால் ஓடிவிடுகிறான்! அப்புறம் சங்கத்துப் பக்கமே தலைகாட்டுவதில்லை. அவனைப் பிடித்து உலுக்குவது யார் தெரியுமா, அதுவரை அசட்டுத்தனமான ஜோக்குகளுக்கென்றே இருந்த ரிகா. உனக்கு எல்லாம் கேட்டது, கேட்காத மாதிரி நடித்தாய் என்று அவள் போட்டு உடைக்கிறாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏழு தொகுதி நான் மட்டமான எழுத்து என்று திட்டிக்கொண்டிருந்தது ஒரு பையனின் கோழைத்தனமாம். யாருக்காவது பதில் சொல்லிவிட்டால் அந்த அறை பழையபடி இருக்காது. எல்லோரும் நண்பர்கள்தான் என்று ஒப்புக்கொண்டால் நண்பர்களைத் தேடும் சங்கத்துக்கு வேலை இல்லை. அதனால் யாரும் அந்தச் சொல்லை வாயால் சொல்வதில்லை. திட்டலாம், ஈயடிக்கும் மட்டையால் அடிக்கலாம், சேனாவை 'மாமிசம்' என்று கூப்பிடலாம், நண்பர் என்று மட்டும் சொல்லக்கூடாது.

நாம் இங்கே முகம் தெரியாத ஆளையும் 'நண்பரே' என்று விளிக்கிறோம். ஆட்டோக்காரர் வழி கேட்பதற்கு 'ஃப்ரெண்டு' என்கிறார். சண்டை போடும்போதுகூட "நண்பரே, உங்களுக்கு அறிவிருக்கிறதா" என்றுதான் தொடங்குகிறோம். அந்தச் சொல்லை இத்தனை சில்லறையாகச் செலவழிக்கும் மொழியிலிருந்து போய், எட்டுத் தொகுதி அதைச் சொல்லாமல் பதுங்குகிறவர்களைப் படிப்பது விசித்திரமாக இருந்தது. கடைசியில் கொடாகா ரிகாவிடம், என் நண்பராக இரு என்று கேட்கிறான். காதலைச் சொல்வதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு. காய்ச்சலில் அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு வரும் தொகுதிகள், குறிப்பாக முடிவு, பலருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஆனால் முதல் தொகுதியிலிருந்து மறுபடி படித்தேன். இந்த முறை ஒவ்வொரு "நந்தாத்தே"வும் வேறு மாதிரி கேட்டது. ஒரே ஜோக் இரண்டாம் வாசிப்பில் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறது. இதைச் செய்ய ஓர் ஆசிரியருக்கு நிறையப் பொறுமை வேண்டும்.


கஞ்சி எழுத்து:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே சிறு குழந்தைகள் பாடும் ஒரு பாட்டு உண்டு. ஒன்றாம் வகுப்புக்குப் போனால் நூறு நண்பர்கள் கிடைப்பார்களா, நூறு பேரோடு ஃபுஜி மலை உச்சியில் அரிசி உருண்டை சாப்பிடலாமே என்று ஆசைப்படும் பாட்டு. ஜப்பானியர்களே இதைக் கிண்டல் செய்வார்கள்: நண்பர்கள் நூறு, நான் ஒன்று, ஆக நூற்றியொன்று, பாட்டில் நூறு பேர்தான் சாப்பிடுகிறார்கள், அந்த ஒருவர் எங்கே போனார்? எனக்கு ஹாகனாய் அந்த ஒருவரின் கதை.

அக்காவுக்கு இன்னொன்று: அடுத்த முறை காய்ச்சல் வந்தால் சொல்லுங்கள், ஆறாம் தொகுதி என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது.


கடைசி பெஞ்ச்:

எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு அந்த அறைத்தோழனைக் கூப்பிட்டேன். நாங்கள் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் கல்யாணத்தில் என்னை மணப்பெண்ணுக்கு எப்படி அறிமுகப்படுத்தினான் தெரியுமா? "இவன் என் ரூம்ல இருந்தவன்." அவ்வளவுதான். நானும் என் கல்யாணத்தில் அதையேதான் சொன்னேன்.

இப்படி ஒரு திரி ஓடுகிறது, நீதான் காரணம் என்றேன். நந்தாத்தே, வெண்ணெய், நூற்றியொன்றாவது ஆள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தொடர்பு போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் கேட்டான்:

"எது, அந்த நாய்க் கதையா?"